நெய்வேலி நிலக்கரி நிறுவனப் பங்கு விற்பனைச் சர்ச்சைகள்

நெய்வேலி நிலக்கரி நிறுவனப் பங்கு விற்பனைச் சர்ச்சைகள் என்பன, தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலியில் இயங்கும் நடுவண் அரசின் பொதுத்துறை நிறுவனமான நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் (இன்றைய பெயர்: என்.எல்.சி. இந்தியா) பங்குகளை விற்க நடுவண் அரசு மேற்கொண்ட முயற்சிகளையும், அவற்றை ஒட்டி அரசியல் கட்சிகளிடையே எழுந்த கருத்து முரண்பாடுகளையும் குறிக்கும். இவற்றுள் 2006, 2013 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தவை முதன்மையானவை. முதல் முறை நடுவண் அரசு தன் பங்கு விற்பனைத் திட்டங்கள் அனைத்தையும் நிறுத்திவைத்தது. இரண்டாம் முறை தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே பங்குகளை வாங்கிக்கொண்டன.

பொதுத்துறையா தனியார் துறையா என்னும் வினா உலகெங்கும் இடதுசாரிகளுக்கும் வலதுசாரிகளுக்கும் இடையிலான கொள்கைப் பிணக்காகவே பாடநூல்களில் விளக்கப்படுகிறது. நெய்வேலியில் கட்சிகள் அந்தக் கோட்டின்படி பிரிந்து நிற்கவில்லை. சந்தைப் பொருளாதாரத்தை ஏற்ற கட்சிகளும் மறுத்த கட்சிகளும் இங்கே ஒரே பக்கம் நின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள அரசு மின் நிறுவனத்தைச் சுற்றியும் இதற்கு மிக நெருக்கமான ஒரு வரலாறு உண்டு. அது கீழே தனிப் பிரிவில் தரப்பட்டுள்ளது.

நிறுவனமும் இடமும்

நெய்வேலி, பண்ணுருட்டிக்கும் விருத்தாசலத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்துள்ளது. முன்னாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதியில் 1930களில் சம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய நிறப் பொருள் வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி என்பது பின்னர் அறியப்பட்டது. 1940களில் நடந்த துளையிடல் ஆய்வுகள் நிலக்கரிப் படிவத்தின் பரப்பை உறுதிப்படுத்தின. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பர் 14 அன்று நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் சவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகத்தில் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் கட்டப்பட்ட முதலாம் அனல் மின் நிலையம் 1962 இல் மின்னாக்கத்தைத் தொடங்கிப் படிப்படியாக 600 மெகாவாட்டு திறனை எட்டியது. அது 2020 இல் முற்றாக மூடப்பட்டது.

பழுப்பு நிலக்கரியைத் தொலைவிடங்களுக்குக் கொண்டு செல்வது கட்டுப்படியாகாது. அதில் ஈரப்பதம் மிகுதி, எரியாற்றல் குறைவு. எனவே சுரங்கத்தின் வாயிலிலேயே மின் நிலையம் அமைக்க வேண்டும். இந்த எளிய இயற்பியல் காரணத்தால் சுரங்கம், மின் நிலையம், தொழிலாளர் குடியிருப்பு, பள்ளிகள், மருத்துவமனை எல்லாம் ஓரிடத்தில் திரண்டு ஒரு நகரியமே உருவாயிற்று. பெருந்தொழில் அருகியிருந்த ஒரு வேளாண் மாவட்டத்தில் இதன் தாக்கம் பெரிது. நிரந்தர ஊழியர்களைத் தவிர, ஒப்பந்தத் தொழிலாளர், வணிகர், சரக்குந்து ஓட்டுநர் எனப் பல்லாயிரவர் இதனைச் சார்ந்து வாழ்கின்றனர்.

நிறுவனம் நெய்வேலியில் இருந்தாலும் மாவட்ட ஆட்சியின் இருக்கை கடலூர் நகரின் மஞ்சக்குப்பம் ஆகும். கும்பினி ஆட்சிக்காலம் முதலே அலுவலகங்களும் நீதிமன்றங்களும் திரண்டிருந்த பகுதி இது. நிலம் கையகப்படுத்தல், இழப்பீடு, வேலைவாய்ப்பு ஆகியவை பற்றிய முறையீடுகள் மாவட்ட ஆட்சியரை நாடி மஞ்சக்குப்பத்துக்கே வந்து சேர்ந்தன. நெய்வேலியின் முதலாளி தில்லியில் இருக்க, நெய்வேலி பற்றிய மனுக்களோ மஞ்சக்குப்பத்தில் குவிந்தன. பின்னர் எழுந்த சர்ச்சைகளைப் புரிந்துகொள்ள இந்த இரட்டை நிலையை மனத்திற் கொள்வது பயன் தரும்.

பங்கு விற்பனையும் தனியார்மயமும்

இவ்விரு சொற்களும் மேடைகளில் ஒரே பொருளில் வழங்கினாலும் வேறுபாடு உடையவை. பங்கு விற்பனை என்பது அரசு தன்னிடம் உள்ள பங்குகளில் ஒரு பகுதியைப் பிறருக்கு விற்பதாகும். அரசின் பங்கு 51 விழுக்காட்டுக்குக் குறையாதவரை, நிறுமச் சட்டத்தின்படி அது அரசு நிறுமமாகவே நீடிக்கும். கட்டுப்பாடு தனியார் கைக்கு மாறும்போதுதான் அது தனியார்மயம் ஆகிறது. 2006 இல் முன்மொழியப்பட்டது 10 விழுக்காடு. 2013 இல் 5 விழுக்காடு. அப்போது நடுவண் அரசிடம் 93.56 விழுக்காடு பங்கு இருந்தது. ஆகவே இரு முறையும் நிறுவனத்தின் மீதான அரசின் கட்டுப்பாடு நேரடியாகக் கேள்விக்கு உள்ளாகவில்லை. விற்பனையை ஆதரித்தோர் இதனையே முதன்மை வாதமாக எடுத்துரைத்தனர். சிறுபகுதிப் பங்கு சந்தைக்கு வந்தால் நிறுவனத்தின் கணக்குகள் முதலீட்டாளரின் பார்வைக்கு உட்படும், அரசுக்கும் வரி விதிக்காமலே நிதி கிடைக்கும் என்பது அவர்களது கருத்து.

எதிர்த்தோரின் வாதங்கள் மூன்று வகைப்படும். ஆண்டுதோறும் ஈவுத்தொகை தரும் நிறுவனத்தின் பங்கை ஒரு முறை வருவாய்க்காக விற்பது, கறவை மாட்டை விற்று மோர் வாங்குவது போன்றது என்பது ஒன்று. இன்று 10 விழுக்காடு என்றால் நாளை 51 வரை இறங்கும், அதன்பின் தடுக்க இயலாது என்பது இரண்டாவது. மூன்றாவது வாதம் தமிழ்நாட்டில் தனி எடை பெற்றது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கான வேலைவாய்ப்பு இடஒதுக்கீடு பொதுத்துறையை மட்டுமே கட்டுப்படுத்தும். தனியார் நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாது. எனவே அரசுடைமை குறுகுந்தோறும் இடஒதுக்கீட்டின் எல்லையும் குறுகும் என்று திராவிடக் கட்சிகளும் பாட்டாளி மக்கள் கட்சியும் வாதிட்டன. பொருளாதாரக் கேள்வி இங்கே சமூக நீதிக் கேள்வியாக உருமாறியது. முழு உரிமை மாற்றம் நிகழாத வரையில் இவ்வாதம் அச்சத்தின் அளவிலேயே நிற்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆனால் அது ஆதாரமற்ற அச்சம் அன்று.

தமிழ்நாட்டுக் கட்சிகளும் பொருளாதாரக் கொள்கையும்

விடுதலைக்குப் பிந்திய இந்தியாவில் பொருளாதாரக் கொள்கை பற்றிய வெளிப்படையான பிரிவினை சென்னையிலேயே நிகழ்ந்தது என்று சொல்லலாம். 1955 சனவரியில் சென்னைக்கு அருகில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சோசலிசப் பாணிச் சமூகத்தைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. அடுத்த ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானம் நிலக்கரி உள்ளிட்ட அடிப்படைத் தொழில்களை அரசுக்கென ஒதுக்கியது. நெய்வேலி நிறுவனம் அந்த ஆண்டின் குழந்தை. இப்போக்கை எதிர்த்து 1959 இல் சென்னையிலேயே இராசகோபாலாச்சாரியார் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். அரசு உரிமங்களாலும் அனுமதிகளாலும் தொழில்களைக் கட்டிவைக்கும் முறையை அக்கட்சி கடுமையாகச் சாடியது. பொதுவுடைமைக் கட்சியினர் மறுமுனையில் நின்று, காங்கிரசின் சோசலிசம் பெயரளவிலானதே என்றனர்.

இம்மூன்றனுள் எதிலும் முழுமையாக அடங்காதது திராவிட முன்னேற்றக் கழகம். 1949 இல் தோன்றிய அக்கட்சியின் பொருளாதாரக் குறை, அரசு அதிகம் செய்கிறது என்பதோ குறைவாகச் செய்கிறது என்பதோ அன்று. அரசு செய்வதெல்லாம் வடக்கே நடக்கிறது என்பதே அதன் குறை. வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்ற முழக்கம் இதிலிருந்தே பிறந்தது. 1967 தேர்தலில் அக்கட்சி வலப்பக்கத்துச் சுதந்திராக் கட்சியையும் இடப்பக்கத்து மார்க்சிய பொதுவுடைமைக் கட்சியையும் ஒரே கூட்டணியில் சேர்த்துக்கொண்டு ஆட்சியைப் பிடித்தது. பொருளாதாரக் கொள்கையே கட்சிகளைப் பிரிக்கும் கோடாக இருந்திருந்தால் இத்தகைய கூட்டணி அமைந்திருக்க இயலாது. ஆட்சிக்கு வந்த சில மாதங்களில், 1967 சூலையில், சேலம் உருக்காலை போன்ற திட்டங்களைக் கோரி எழுச்சி நாள் கடைப்பிடிக்கப்பட்டது. தி.மு.க.வுக்குப் பொதுத்துறை என்பது சோசலிசத்தின் ஒரு படியாக இருந்ததைக் காட்டிலும், நடுவண் அரசின் செல்வத்தில் தெற்குக்கு உரிய பங்காக இருந்தது என்பதை இது காட்டுகிறது.

1972 இல் தோன்றிய அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகமும் இவ்வகையில் பெரிதும் வேறுபடவில்லை. 1990களில் இரு கட்சிகளின் ஆட்சிகளும் ஃபோர்டு, ஹூண்டாய் போன்ற வெளிநாட்டுத் தானுந்து நிறுவனங்களைப் போட்டியிட்டு வரவேற்றன. அதே கட்சிகள் நெய்வேலியின் சிறு விழுக்காட்டுப் பங்கு விற்பனையை எதிர்த்து நின்றதை முரண்பாடு என்று சிலர் குறை கூறுவர். புதிய முதல் மாநிலத்துக்குள் வருவது வேறு, இருக்கும் உடைமை மாநிலத்தின் பிடியிலிருந்து நழுவுவது வேறு என்று பார்த்தால் இரண்டும் ஒரே கொள்கையின் இரு முகங்கள் ஆகும்.

தென்னார்க்காட்டுக்கு உரிய இன்னொரு இழையும் உண்டு. கடலூரைச் சேர்ந்த இராமசாமிப் படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 1952 தேர்தலில் 19 சட்டமன்றத் தொகுதிகளை வென்றது. பின்னர் அவர் காமராசர் அமைச்சரவையில் இடம்பெற்றார். அவருக்கு மஞ்சக்குப்பத்தில் எழுப்பப்பட்ட மணிமண்டபம் 2019 இல் திறக்கப்பட்டது. வன்னியர் மிகுந்து வாழும் இம்மாவட்டத்தில் நிலம், வேலை, கல்வி ஆகியவற்றில் உள்ளூரார்க்கு உரிய பங்கு என்னும் கோரிக்கை அக்காலம் முதல் தொடர்கிறது. 1989 இல் தொடங்கப்பட்ட பாட்டாளி மக்கள் கட்சி அதனை நெய்வேலியை நோக்கியும் எழுப்பியது.

2006 ஆம் ஆண்டுச் சர்ச்சை

2004 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு இடதுசாரிக் கட்சிகளின் வெளி ஆதரவில் இயங்கியது. இலாபம் ஈட்டும் பொதுத்துறை நிறுவனங்கள் பொதுவாகத் தனியார்மயமாக்கப்பட மாட்டா என்று அக்கூட்டணியின் குறைந்தபட்சப் பொதுத் திட்டம் உறுதி கூறியிருந்தது. 2005 இல் பாரத மிகுமின் நிறுவனத்தின் 10 விழுக்காட்டுப் பங்குகளை விற்க அரசு முனைந்தபோது இடதுசாரிகள் எதிர்த்துத் தடுத்தனர்.

2006 சூனில் நெய்வேலி நிறுவனத்திலும் ஒரிசாவின் தேசிய அலுமினிய நிறுவனத்திலும் தலா 10 விழுக்காடு பங்குகளை விற்க நடுவண் அமைச்சரவை முடிவெடுத்தது. அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். அமைச்சரவையில் தி.மு.க.வும் பா.ம.க.வும் பதவி வகித்தன. நெய்வேலியில் தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடு பாராமல் ஒன்றுசேர்ந்து சூலைத் தொடக்கத்தில் வேலைநிறுத்தத்தில் இறங்கின. நெய்வேலியின் மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டுமன்றி அண்டை மாநிலங்களுக்கும் செல்வதால், வேலைநிறுத்தம் நீளுமானால் விளைவு தென்னிந்தியா முழுவதும் உணரப்படும் நிலை இருந்தது.

அவ்வாண்டு மே மாதத்தில் மு. கருணாநிதி ஐந்தாம் முறையாக முதலமைச்சராகப் பொறுப்பேற்றிருந்தார். முடிவைக் கைவிடாவிட்டால் கூட்டணியில் தொடர்வது குறித்து ஆராய நேரும் என்று அவர் அறிவித்தார். 2006 சூலை 6 அன்று பிரதமர் மன்மோகன் சிங் நெய்வேலி மட்டுமன்றி எல்லாப் பங்கு விற்பனை முன்மொழிவுகளையும் நிறுத்திவைப்பதாக அறிவித்தார். வேலைநிறுத்தமும் முடிவுக்கு வந்தது.

இந்நிகழ்வு மாநிலக் கட்சி ஒன்று நாட்டின் பொருளாதாரக் கொள்கையைத் தடுத்து நிறுத்தியதற்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சுட்டப்படுகிறது. எண்களைப் பார்த்தால் இதன் பின்புலம் தெளிவாகும். தி.மு.க.வுக்கு மக்களவையில் 16 உறுப்பினர்கள் இருந்தனர். அதே வேளையில், 234 இடங்கள் கொண்ட தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் தி.மு.க. 96 இடங்களையே பெற்றுக் காங்கிரசின் 34 உறுப்பினர்களின் ஆதரவில் சிறுபான்மை ஆட்சி நடத்தியது. தில்லியில் காங்கிரசு தி.மு.க.வைச் சார்ந்திருந்தது, சென்னையில் தி.மு.க. காங்கிரசைச் சார்ந்திருந்தது. ஆகவே ஆதரவு விலக்கம் என்பது இரு முனையிலும் கூர்மையுள்ள கத்தி. அதனை எடுத்துக் காட்டுவதே போதுமானதாக இருந்தது. இடதுசாரிகள் கொள்கை அடிப்படையில் இரண்டாண்டுகளாக எழுப்பிவந்த எதிர்ப்பு நிறுவனந்தோறும் தனித்தனியே போராடவேண்டியதாக இருந்தது. ஓரிடத்தைச் சார்ந்த எதிர்ப்போ சில நாள்களில் எல்லா விற்பனையையும் நிறுத்தியது.

2013 ஆம் ஆண்டுச் சர்ச்சை

ஏழாண்டுகள் கழித்து அதே நாடகம் வேறு நடிகர்களுடன் அரங்கேறியது. பட்டியலிடப்பட்ட பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 விழுக்காடு பங்கு பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்று 2010 இல் விதி திருத்தப்பட்டிருந்தது. அதற்கான காலக்கெடு 2013 ஆகத்து ஆகும். நெய்வேலி நிறுவனத்தில் பொதுப்பங்கு 6.44 விழுக்காடே. எனவே குறைந்தது 3.56 விழுக்காடு விற்றாக வேண்டியிருந்தது. 2013 சூனில் 5 விழுக்காடு விற்பனைக்கு நடுவண் அரசு ஒப்புதல் வழங்கியது. இம்முறை விற்பனை அரசின் விருப்பம் அன்று, சட்டத்தின் கட்டாயம் என்று அரசு தரப்பு கூறியது.

அரசியல் நிலைமை முற்றிலும் மாறியிருந்தது. தி.மு.க. இலங்கைத் தமிழர் சிக்கலை முன்னிட்டு 2013 மார்ச்சில் கூட்டணியிலிருந்து விலகிவிட்டது. விலகியவரால் மீண்டும் விலகுவேன் என்று சொல்ல இயலாது. மாநிலத்தில் ஆட்சி செய்த அ.இ.அ.தி.மு.க. நடுவண் அரசுக்கு எதிர்க்கட்சி. 2006 இல் பயன்பட்ட நெம்புகோல் எவர் கையிலும் இல்லை. சூலைத் தொடக்கத்தில் தொழிலாளர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கினர்.

முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா பிரதமருக்கு எழுதிய மடல்களில் எதிர்ப்பைத் தெரிவித்ததோடு ஒரு மாற்று வழியையும் முன்வைத்தார். விற்றே ஆக வேண்டுமெனில் அப்பங்குகளைத் தமிழ்நாடு அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும் என்பதே அது. மாநில அரசு நிறுவனங்களிடம் உள்ள பங்கை விதியின்படி பொதுப்பங்காகக் கருதலாமா என்ற ஐயம் எழுந்தது. இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம் இதற்கு இசைவளித்தது. அதன்பின் வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. 2013 ஆகத்தில் சிப்காட், டிட்கோ உள்ளிட்ட ஐந்து மாநில நிறுவனங்கள் 3.56 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கின. ஒரு பங்கின் விலை ஏறத்தாழ 60 ரூபாய். மொத்தத் தொகை ஏறத்தாழ 360 கோடி ரூபாய்.

இத்தீர்வின் நுட்பம் கவனிக்கத்தக்கது. பங்குகள் விற்கப்பட்டன. நடுவண் அரசுக்குப் பணம் கிடைத்தது. விதி நிறைவேறியது. ஆனால் தனியார் எவருக்கும் ஒரு பங்கும் செல்லவில்லை. ஓர் அரசின் பையிலிருந்து இன்னோர் அரசின் பைக்குப் பணம் மாறியது. பொதுப்பங்கு விதியின் நோக்கம் பங்குகளைப் பரவலாக்குவது என்றால் அந்நோக்கம் நிறைவேறியதாகக் கூற முடியாது. தொழிலாளர்களின் நோக்கில் இது வெற்றி. இடதுசாரிகள் எழுப்பிய வினாவுக்கு, அதாவது அரசு எதற்காகத் தன் உடைமையை விற்க வேண்டும் என்பதற்கு, இதில் விடை கிடைக்கவில்லை. மாநிலக் கட்சிகள் எழுப்பிய வினாவுக்கு, அதாவது இது யாருடைய உடைமை என்பதற்கு, ஒரு பகுதி விடை கிடைத்தது.

அமெரிக்க ஒப்பீடு: டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம்

பொருளாதாரக் கொள்கையில் கட்சிகள் கூர்மையாகப் பிரிந்துள்ள நாடாக அமெரிக்கா கருதப்படுகிறது. அரசின் பங்கு விரிய வேண்டும் என்போர் சனநாயகக் கட்சியினர், சுருங்க வேண்டும் என்போர் குடியரசுக் கட்சியினர் என்பது பொதுவான சித்திரம். 1933 இல் அதிபர் பிராங்கிளின் ரூசுவெல்ட்டின் புதிய உடன்பாட்டுத் திட்டங்களுள் ஒன்றாக உருவான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் இப்பிரிவினையின் அடையாளமாக விளங்கியது. டென்னசி மாநிலத்திலும் அதனைச் சூழ்ந்த ஆறு மாநிலங்களின் பகுதிகளிலும் அணைகளும் மின் நிலையங்களும் நடத்தும் நடுவண் அரசு நிறுவனம் இது. இந்தியாவின் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948 இல் இதனை மாதிரியாகக் கொண்டே அமைக்கப்பட்டது.

தொடக்கத்திலேயே சித்திரம் அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. இத்திட்டத்துக்காகப் பல்லாண்டுகள் போராடிய செனட்டர் சியார்ச்சு நாரிசு குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். அவரது முந்தைய சட்டமுன்வரைவை 1931 இல் மறுத்து ஒதுக்கிய அதிபர் ஊவரும் அதே கட்சியினர். 1950களில் அதிபர் ஐசனாவர் இந்த ஆணையத்தைப் படிப்படியாக ஊர்ந்து வரும் சோசலிசத்துக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டினார். ஆயினும் அதனை அவர் கலைக்கவில்லை. ஆணையம் கடன் பத்திரங்கள் வழியே தானே நிதி திரட்டிக்கொள்ள வழிசெய்த 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவரே கையொப்பமிட்டார். 1964 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்டுவாட்டர், ஆணையத்தை விற்க வேண்டும் என்று கூறிவந்தவர். தென்பகுதியில் ஐந்து மாநிலங்களை வென்ற அவர் டென்னசியை இழந்தார். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு எனினும் இந்நிலைப்பாடு அவருக்கு அங்கே உதவவில்லை என்பது உறுதி.

பின்னர் காற்று திசை மாறியது. நெய்வேலியில் இரண்டாம் சர்ச்சை மூண்ட அதே 2013 இல், சனநாயகக் கட்சி அதிபர் பராக் ஒபாமாவின் வரவு செலவுத் திட்டம், ஆணையத்தின் உரிமையைக் கைவிடுவது பற்றி ஆராயலாம் என்று முன்மொழிந்தது. அதனை எதிர்த்து எழுந்தவர்கள் டென்னசியின் குடியரசுக் கட்சியினர்! அரசு சிறுக்க வேண்டும் என்று நாடெங்கும் முழங்கிய கட்சி, தன் மண்ணில் இருந்த அரசு மின் நிறுவனத்தை விற்கக் கூடாது என்றது. மின் கட்டணம் உயரும் என்பது அவர்களது அச்சம். 2018 இல் குடியரசுக் கட்சி அதிபர் டிரம்பின் திட்டம் ஆணையத்தின் மின்தடக் கட்டமைப்பை விற்க முன்மொழிந்தபோதும் அப்பகுதியின் அவரது கட்சிக்காரர்களே எதிர்த்தனர்.

இரு நாடுகளுக்கும் இடையே வேறுபாடுகள் உண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கெனத் தனிக் கட்சிகள் வலுவாக இல்லாமையால், இட நலன் பெரிய கட்சிகளுக்குள்ளேயே உட்பூசலாக வெளிப்பட்டது. தமிழ்நாட்டில் அது தனிக் கட்சிகளின் குரலாகவே வெளிப்பட்டது. தொலைவிலிருந்து பார்க்கும்போது பொதுத்துறை ஒரு கருத்தாகத் தோன்றுகிறது. அருகில் வாழ்வோருக்கு அது வேலையாகவும் மின் கட்டணமாகவும் தெருவிளக்காகவும் இருக்கிறது.

2013க்குப் பின்

2014 இல் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பொதுப்பங்கு வரம்பு 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் தனிப் பெரும்பான்மையுடன் அமைந்த பாரதிய சனதா கட்சி ஆட்சிக்குத் தமிழ்நாட்டுக் கட்சிகளின் ஆதரவு தேவைப்படவில்லை. 2016 இல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என மாற்றப்பட்டது. பெயரில் இருந்த நெய்வேலி ஓர் எழுத்தாகச் சுருங்கியதைத் தமிழ்நாட்டில் பலர் விரும்பவில்லை. 2017 அக்டோபரில் பங்குச்சந்தை வழியே மேலும் ஒரு பகுதி விற்கப்பட்டது. 2024 மார்ச்சில் பங்கு ஒன்றுக்குக் குறைந்தது 212 ரூபாய் என்ற விலையில் 7 விழுக்காடு வரை விற்பனைக்கு வந்தது. அதன்பின் நடுவண் அரசின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காடாகக் குறைந்தது. 2006 இல் அரசையே அசைத்த 10 விழுக்காட்டைப் போல இரு மடங்குக்கு மேல் விற்கப்பட்டுவிட்டது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தபோதிலும் விற்பனை நிற்கவில்லை. கட்சிகளின் கொள்கை மாறவில்லை, தில்லியில் அவற்றின் எடை மாறியது.

நிலம் பற்றிய சர்ச்சை

பங்கு விற்பனைச் சர்ச்சைகளில் தொழிலாளர், மாநில அரசு, கட்சிகள் ஆகிய மூவரும் ஒரே பக்கம் நின்றனர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த உழவர்கள் அந்த ஒற்றுமைக்குள் முழுமையாக அடங்கவில்லை. அவர்களுக்கு நிறுவனம் நடுவண் அரசுடையதா, மாநில அரசுடையதா, தனியாருடையதா என்பது இரண்டாம் நிலை வினா. நிலத்துக்கு என்ன விலை, வீட்டுக்கு ஒருவருக்கு நிரந்தர வேலை உண்டா என்பனவே முதல் வினாக்கள். டென்னசியிலும் நாரிசின் பெயரைத் தாங்கிய முதல் அணைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரைவிட்டு அகன்றன. பொதுநலத்துக்கான நிறுவனம் குறிப்பிட்ட சில ஊர்களின் மீதே தன் எடையை வைக்கிறது.

2020 இல் அ.இ.அ.தி.மு.க. அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்தைச் சூழ்ந்த காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஒன்றியங்கள் அதில் இடம்பெற்றன. 2023 இல் சேத்தியாத்தோப்புக் கிழக்கு உள்ளிட்ட நிலக்கரித் தொகுதிகளை நடுவண் அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தபோது, தி.மு.க. முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் எதிர்த்தார். நடுவண் அரசை ஆண்ட பாரதிய சனதா கட்சியின் தமிழ்நாட்டுக் கிளையும் அவற்றை நீக்கும்படி வேண்டியது. 2023 ஏப்பிரலில் அத்தொகுதிகள் நீக்கப்பட்டன. கட்சிக் கோடுகள் இங்கும் மண்ணுக்கு வழிவிட்டன.

ஆனால் அடுத்த சில மாதங்களில் நிகழ்ந்தது அவ்வாறு முடியவில்லை. 2023 சூலை 26 அன்று, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காக என்.எல்.சி. நிறுவனம் வளர்ந்து நின்ற நெற்பயிரின் ஊடே மண் அகழும் எந்திரங்களை இறக்கியது. நிலம் ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, பயிரிட்டதுதான் விதிமீறல் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. வேலையும் உரிய இழப்பீடும் வராத நிலையில் நிலத்தை விடவில்லை என்பது உழவர்களின் நிலைப்பாடு. மாநிலத்தில் ஆண்ட தி.மு.க. அரசின் காவல்துறை பணிக்குப் பாதுகாப்பு அளித்தது. சூலை 28 அன்று பாட்டாளி மக்கள் கட்சி நெய்வேலியில் நடத்திய முற்றுகைப் போராட்டம் வன்முறையில் முடிந்தது. அக்கட்சித் தலைவர் அன்புமணி இராமதாசு கைது செய்யப்பட்டார். வழக்கை விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.